தொகையா, பங்கா: காசும் நியாயமும் மனநிம்மதியும், ஒரு ஒப்பீட்டு அலசல்

ரெண்டு உலகம் இருக்குன்னு வச்சுக்கங்க. முதல் உலகத்துல உங்க வருஷ சம்பளம் 50,000 டாலர், சுத்தி இருக்கற மத்தவங்களுக்கு 25,000. ரெண்டாவதுல உங்களுக்கு 1,00,000, மத்தவங்களுக்கு 2,00,000. விலைவாசி ரெண்டு இடத்துலயும் ஒண்ணேதான், அதாவது ரெண்டாவது உலகத்துல நீங்க நெசமாவே ரெண்டு மடங்கு பொருள் வாங்கலாம். எதை எடுப்பீங்க? சோல்னிக், ஹெமன்வேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஹார்வர்டு பொது சுகாதாரக் கல்லூரில படிக்கறவங்க, வேலை பாக்கறவங்ககிட்ட இதைக் கேட்டு 1998ல ரிசல்ட்ட வெளியிட்டாங்க, கிட்டத்தட்ட பாதிப்பேர் முதல் உலகத்த எடுத்திருக்காங்க, சம்பளம் பாதியா குறைஞ்சாலும் பரவால்ல மத்தவங்களுக்கு மேல இருந்தா போதும்னு. ஆனா லீவு நாளப் பத்தி இதே மாதிரி கேட்டப்ப கதையே மாறிடுச்சு, மத்தவங்களுக்கு எத்தன வாரம் கிடைச்சா என்ன, எனக்கு நிறைய கிடைச்சா சரின்னுதான் பெரும்பாலானவங்க சொன்னாங்க.

இந்த ஒரு சர்வேக்குள்ளயே முழு சண்டையும் இருக்கு. ஒரு பக்கம், கையில வர்ற தொகைதான் வாழ்க்கைய மாத்துது, மத்ததெல்லாம் பேச்சுன்னு சொல்ற கட்சி, இத தொகைக் கட்சின்னு வச்சுக்கலாம். இன்னொரு பக்கம், மனுசன் தன் தட்ட மட்டும் பாக்கறதில்ல, பக்கத்து தட்டையும் பாத்துட்டுதான் வயிறு நிறைஞ்சுதா இல்லயான்னு முடிவு பண்றான்னு சொல்ற பங்குக் கட்சி. சம்பளம் நிர்ணயிக்கறவங்க, உதவித்தொகை திட்டம் போடறவங்க, சொத்து பிரிக்கறவங்க எல்லாருமே தெரிஞ்சோ தெரியாமயோ இதுல ஒரு கட்சிய எடுத்துக்கிட்டுதான் முடிவு பண்றாங்க, அந்த முடிவு தப்பானா அடி வாங்கறது வாய் தொறந்து சொல்ல முடியாத ஆளுங்க, அதனாலதான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும்னு தோணுது.

முதல்ல தொகைக் கட்சி. "ஒரு அளவுக்கு மேல காசு சந்தோஷம் தராது"ன்னு எல்லாரும் சொல்றோம்ல, அதுக்குப் பின்னாடி இருக்கறது 2010ல உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டனும் எழுதுன கட்டுரை. அமெரிக்கால காலப் நிறுவனம் எடுத்த சர்வேல 4,50,000க்கும் மேல பதில்கள வச்சு அவங்க சொன்னது, தினசரி உணர்வு, அதாவது நேத்து சிரிச்சீங்களா, கவலைப்பட்டீங்களா மாதிரி விஷயம், வருஷம் 75,000 டாலர் கிட்ட வந்ததும் சமமாயிடுதுன்னு. அதே கட்டுரைலயே "உங்க வாழ்க்கைக்கு எத்தன மார்க்"ங்கற கேள்விக்கு வந்த பதில் நிக்காம ஏறிக்கிட்டே போகுதுன்னும் இருக்கு, ஆனா ஊர் ஞாபகம் வச்சுக்கிட்டது முதல் பாதிய மட்டும்தான்.

2021ல மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்ங்கற ஆராய்ச்சியாளர் வேற வழில போனாரு. போன் ஆப் மூலமா பகல்ல ஏதாவது ஒரு நேரத்துல மெசேஜ் அனுப்பி, இந்த நிமிஷம் எப்படி இருக்கீங்கன்னு கேக்கறது. அமெரிக்கால வேலை பாக்கற 33,391 பேர், 17 லட்சத்துக்கும் மேல பதில். அதுல 75,000ல நிம்மதி ஏறறது நிக்கவே இல்ல, அதுக்கு மேலயும் ஏறிக்கிட்டே இருந்துச்சு. இங்க நடந்த ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: கானமன் தன் முடிவ கெட்டியா பிடிச்சுக்கிட்டு சண்டை போடாம, எதிராளியோட சேர்ந்து உக்காந்து, பார்பரா மெல்லர்ஸ நடுவரா வச்சுக்கிட்டு டேட்டாவ திரும்பப் பாத்தாரு, 2023ல மூணு பேரும் சேர்ந்து எழுதுனாங்க. அவங்க கண்டது, பெரும்பாலானவங்களுக்கு காசு ஏற ஏற நிம்மதியும் ஏறுது, ஏற்கனவே மனசு ரொம்ப கீழ கிடக்கற ஒரு சின்னக் கூட்டத்துக்கு மட்டும் 1,00,000 டாலர் கிட்ட அது நின்னுடுது. இழப்பு, நோய், தனிமை மாதிரி துக்கத்த ஒரு கட்டத்துக்கு மேல காசால தொட முடியாதுங்கற மாதிரிதான் எனக்குப் படுது. இன்னொண்ணையும் சொல்லணும், இந்த ஏத்தம் ரூபாய்க்கு ரூபாய் கணக்குல இல்ல, மடங்கு கணக்குல. 20,000 டாலர் 40,000 ஆனா என்ன ஏறுதோ அதேதான் 40,000 வந்து 80,000 ஆனாலும் ஏறும், அதனால ஒரே தொகைய இல்லாதவன் கையில குடுத்தா கிடைக்கற பலன் இருக்கறவன் கையில கிடைக்காது.

சரி, இது வெறும் சர்வே, சந்தோஷமா இருக்கறவங்க அதிகமா சம்பாதிக்கறாங்களோ என்னமோன்னு கேக்கலாம், நியாயமான கேள்வி. அதுக்கு லாட்டரி டேட்டா பதில் சொல்லுது, ஏன்னா லாட்டரி யாரோட குணத்தையும் பாத்து விழறதில்ல. லாட்டரி ஜெயிச்சவங்க மத்தவங்கள விட சந்தோஷமா இல்லன்னு 1978ல வந்த பிரிக்மன் கட்டுரைய இன்னும் எல்லாரும் மேற்கோள் காட்டறாங்க, அதுல இருந்த ஜெயிச்சவங்க மொத்தம் 22 பேர். லிண்ட்குவிஸ்ட், ஓஸ்ட்லிங், சீசரினி மூணு பேரும் சுவீடன் லாட்டரி டேட்டாவ வச்சு 2020ல வெளியிட்ட ஆய்வு இதவிட பல மடங்கு பெருசு, பெரிய பரிசு வாங்குனவங்களோட வாழ்க்கைத் திருப்தி பத்து வருஷத்துக்கு மேலயும் உயர்ந்தே இருந்துச்சுன்னு சொல்லுது, அன்றாட சந்தோஷத்துலயும் மன ஆரோக்கியத்துலயும் மாற்றம் கம்மிதான். கென்யால கிவ்டைரக்ட்லி அமைப்பு ஏழைக் குடும்பங்களுக்கு நிபந்தனையே இல்லாம காசு குடுத்தத ஹவுஷோஃபர், ஷபிரோ ஆய்வு பண்ணி 2016ல எழுதுனாங்க, அங்க இருக்கற விலைவாசிக்குத் தக்க மாத்துன டாலர் கணக்குல குடும்பத்தோட மாசச் செலவு 158ல இருந்து 193 ஆச்சு, மனநலமும் நல்லாவே ஏறுச்சு. இதையெல்லாம் பாத்தப்புறமும் காசுல நிம்மதி இல்லன்னு இல்லாதவங்ககிட்ட போய்ச் சொல்றது எனக்கு சுத்தமா ஏத்துக்க முடியாத விஷயம்.

இப்ப பங்குக் கட்சி. இவங்களோட பெரிய ஆயுதம் 1982ல கூத், ஷ்மிட்பெர்கர், ஷ்வார்ட்ஸேங்கற ஜெர்மன் பொருளாதார ஆய்வாளர்கள் வெளியிட்ட அல்டிமேட்டம் கேம். ஒருத்தர்கிட்ட ஒரு தொகைய குடுத்து, முன்ன பின்ன தெரியாத இன்னொருத்தரோட பிரிச்சுக்க சொல்வாங்க, அந்த இன்னொருத்தர் சரின்னா ரெண்டு பேருக்கும் காசு, வேணாம்னுட்டா ரெண்டு பேருக்குமே ஒண்ணுமில்ல. தொகைதான் எல்லாம்னா பத்துல ஒண்ணு குடுத்தாக்கூட வாங்கிக்கணும், சும்மா வர்ற காசுதானே. நடக்கறது வேற, அதுக்கப்புறம் பல நாட்டுல திரும்பத் திரும்ப பண்ணிப் பாத்ததுல 40, 50 சதவீதம் குடுக்கறதுதான் வழக்கமா இருக்கு, 20 சதவீதத்துக்குக் கீழ போனா பாதிக்குப் பாதி பேர் "உன் காசும் வேணாம் போ"ன்னு தூக்கி எறிஞ்சிடறாங்க. ஆனா எல்லா ஊர்லயும் நியாயம் ஒரே மாதிரி இல்லங்கறதையும் ஜோசப் ஹென்ரிக் குழு 2001ல காட்டுச்சு, பெருல இருக்கற மச்சிகுவெங்கா மக்கள் சராசரியா 26 சதவீதம்தான் குடுத்தாங்க, பப்புவா நியூ கினில சில சமூகங்கள்ல பாதிக்கு மேல குடுத்தாலும் வேணாம்னு சொன்னவங்க உண்டு.

வேலை இடத்துக்கு வாங்க. கார்டு, மாஸ், மொரெட்டி, சாய்ஸ் நாலு பேரும் கலிபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்கள்ல சிலருக்கு மட்டும், உங்க எல்லாரோட சம்பளமும் இந்த வெப்சைட்ல இருக்குன்னு தகவல் குடுத்தாங்க, 2012ல கட்டுரை வந்துச்சு. தன் டிபார்ட்மென்ட்ல நடுமட்டத்துக்குக் கீழ சம்பளம் வாங்கறவங்களுக்கு வேலைல திருப்தி குறைஞ்சுது, வேற வேலை தேடற எண்ணம் கூடுச்சு. மேல இருக்கறவங்களுக்கு சந்தோஷம் கூடவே இல்ல. கீழ இருக்கறவங்க இழந்தத மேல இருக்கறவங்க ஈடுகட்டல, மொத்தத்துல நஷ்டம்தான். நார்வேல 2001ல எல்லாரோட வருமான வரிக் கணக்கும் இன்டர்நெட்ல ஈஸியா தேடற மாதிரி வந்ததும் பணக்காரங்களுக்கும் ஏழைங்களுக்கும் நடுவுல இருந்த சந்தோஷ இடைவெளி 29 சதவீதம் கூடுச்சுன்னு பெரெஸ் ட்ரூலியா 2020ல கணக்குக் காட்டுனாரு, யாரோட சம்பளமும் அதுக்காக மாறல, தெரிஞ்சுக்கிட்டதுதான் புதுசு.

ரெண்டு கட்சியும் நேருக்கு நேர் மோதுற இடம் எதுன்னு பாத்தா, 2011ல ஆண்டர்சனும் மத்தவங்களும் வெளியிட்ட ஆய்வு. வடகிழக்கு இந்தியால ஏழைக் கிராமங்கள்ல அல்டிமேட்டம் கேம 20 ரூபாய்ல ஆரம்பிச்சு 20,000 ரூபாய் வரைக்கும் ஏத்தி ஆடவச்சாங்க. தொகை ஏற ஏற மறுக்கறது குறைஞ்சுக்கிட்டே வந்து, 20,000ல கிட்டத்தட்ட யாருமே மறுக்கல. தொகைக் கட்சிக்கு இது பெரிய வெற்றி மாதிரி தெரியும். எனக்கு அப்படித் தோணல, பல மாசக் கூலிக்கு சமமான காசு முன்னாடி இருக்கும்போது ஒரு ஏழை அத வாங்கிக்கிட்டதுனால அந்தப் பிரிவினை அவருக்கு நியாயமாப் பட்டுச்சுன்னு எப்படி சொல்ல முடியும், மறுக்கற வசதி அவருக்கு இல்லங்கறது மட்டும்தான் அதுல நிச்சயம். குறைஞ்ச கூலிக்கு ஆள் கிடைக்குது, அப்ப கூலி சரிதான்னு பேசறவங்க இந்த வித்தியாசத்த கொஞ்சம் யோசிக்கணும்.

கென்யா ஆய்வுலயும் ஒரு மோதல் இருக்கு. காசு வாங்குனவங்களுக்கு மனசு லேசாச்சு, ஆனா வாங்காத பக்கத்து வீட்டுக்காரங்களோட வாழ்க்கைத் திருப்தி குறைஞ்சுது. வயித்தெரிச்சல்னு ஒரே வார்த்தைல முடிச்சுடலாம்தான், ஆனா கொஞ்ச காலத்துலயே அது மறைஞ்சுது. அப்புறம் 653 கிராமங்கள்ல பெரிய அளவுல பண்ண இன்னொரு ஆய்வுல, 2022ல வெளிவந்தது, காசு வாங்காத குடும்பங்களோட செலவும் சேர்ந்தே ஏறியிருந்துச்சு, ஏன்னா காசு ஊருக்குள்ளயே கைமாறி உள்ளூர் பொருளாதாரத்துக்கு அதவிட ரெண்டு மடங்குக்கும் மேல பலன் குடுத்துச்சு. அதனால அக்கம்பக்கம் மனசு நோகும்னு சொல்லி உதவிய நிறுத்தறவங்க பேச்ச நான் ஏத்துக்க மாட்டேன்.

இவ்வளவையும் சேத்துப் பாக்கும்போது எனக்குப் படறது, பங்குக் கட்சிக்குள்ள ரெண்டு வேற வேற விஷயம் கலந்து கிடக்கு. அடுத்தவனுக்கு கூட இருக்கேங்கற ஏக்கம் ஒண்ணு, என்னை மதிக்காம குறைச்சுட்டாங்களேங்கற ஆத்திரம் இன்னொண்ணு. ரெண்டும் ஒரே மாதிரி வலிக்கற மாதிரி இருந்தாலும் மருந்து வேற.

ஃபால்க், ஃபேர், ஃபிஷ்பாக்கர் மூணு பேரும் 2003ல அதே அல்டிமேட்டம் கேம் மாதிரி ஆட்டத்த வச்சு இத அழகா பிரிச்சுக் காட்டுனாங்க. பத்துல எட்டு எனக்கு ரெண்டு உனக்குன்னு ஒருத்தர் பிரிக்கறாரு. அவருக்கு அஞ்சு அஞ்சா பிரிக்கற வழியும் இருந்துச்சுன்னா, அந்த ரெண்ட வாங்க வேண்டியவங்கள்ல 44 சதவீதம் பேர் மறுத்தாங்க. எட்டு ரெண்ட தவிர அவருக்கு வேற வழியே இல்லன்னா மறுத்தது 18 சதவீதம். பத்தையும் தானே வச்சுக்கற வழி இருந்தும் ரெண்டு குடுத்தாருன்னா வெறும் 9 சதவீதம்தான். கையில வந்தது எல்லாத்துலயும் அதே ரெண்டு, அவருக்கும் அதே எட்டு, தொகையும் மாறல பங்கும் மாறல, ஆனா மறுக்கறது 9ல இருந்து 44 வரைக்கும் போகுது. முடிஞ்சும் செய்யாம விட்டாரேங்கறதுதான் குத்துது.

அமெரிக்கால, நார்வேல அல்மோஸ், காப்பலென், டுங்கோடன் பண்ண ஆய்வும் (2020) இதே திசைதான்: ரெண்டு தொழிலாளிங்களோட கூலில வித்தியாசம் அதிர்ஷ்டத்தால வந்துச்சுன்னா வேடிக்கை பாக்கறவங்க சமமாக்கப் பாக்கறாங்க, உழைப்பால வந்துச்சுன்னா நிறைய பேர் விட்டுடறாங்க. அமெரிக்கர்கள் நார்வேக்காரங்கள விட அதிக வித்தியாசத்த ஏத்துக்கறாங்க, ஆனா ரெண்டு நாட்டுலயும் காரணத்தக் கேக்கறாங்க.

எனக்கு எல்லாத்தையும் விட முக்கியமாப் படறது ஒடிசா ஆய்வு. ப்ரீசா, கவுர், ஷம்தசானி மூணு பேரும் 2018ல வெளியிட்டது, சாதாரண கைவேலை செய்யற 378 தொழிலாளிங்க, சின்னச் சின்ன குழு, தினக்கூலி. சில குழுல எல்லாருக்கும் ஒரே கூலி, சில குழுல முன்னாடி எடுத்த வேலை அளவ வச்சு ஆளுக்கொரு கூலி. ஒரே கூலிய வாங்கற ரெண்டு ஆள எடுத்து, பக்கத்துல இருக்கறவங்களுக்கும் அதே கூலியா இருந்தா எப்படி வேலை செய்யறாரு, அவங்களுக்கு அதிகமா இருந்தா எப்படின்னு பாக்க முடியுது, இதுதான் இந்த ஆய்வோட பலம். யார் எவ்வளவு செய்யறாங்கன்னு கண்ணுக்குத் தெரியாத வேலைகள்ல, வித்தியாசக் கூலி வந்ததும் உற்பத்தி நல்லாவே விழுந்துச்சு, வேலைக்கு வர்றது 18 சதவீதப் புள்ளி குறைஞ்சுது. வரலன்னா அன்னிக்கு கூலி போச்சு, காசு தேவைப்படற ஆளு, அப்படியும் வராம இருந்திருக்காரு. ஆனா கூலி அதிகம் வாங்கறவர் நெசமாவே அதிகம் செய்யறாருன்னு எல்லாருக்கும் தெளிவா தெரிஞ்ச இடத்துல இந்த பாதிப்பு எதுவுமே தென்படல.

அப்ப எத எங்க எடுக்கறது? பற்றாக்குறைல இருக்கறவங்களுக்கு முதல்ல தொகை, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, பங்கு பத்தின விவாதம் முடியற வரைக்கும் அவங்கள காக்க வைக்கக்கூடாது. சேர்ந்து வேலை செய்யற இடத்துல, யார் எவ்வளவு செஞ்சாங்கன்னு அளக்க முடியலன்னா சம்பள வித்தியாசம் வைக்காம இருக்கறதே நல்லது, வச்சே ஆகணும்னா காரணத்த எல்லார் முன்னாடியும் காட்டணும். சம்பளத்த ரகசியமா வச்சா பிரச்சனை இல்லன்னு நினைக்கற நிர்வாகங்களுக்கு நார்வேயும் கலிபோர்னியாவும் சாதகம் மாதிரி தெரியலாம், ஆனா ஒடிசால பாதிப்ப நிறுத்துனது மறைச்சு வச்சது கிடையாது, காரணம் வெளில தெரிஞ்சதுதான். ஏக்கம் தானா ஆறலாம், அந்த கென்யா பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு ஆறுச்சு, ஆனா காரணமே சொல்லாம குறைச்சவங்க மேல வர்ற ஆத்திரத்துக்கு அப்படி ஒரு காலக்கணக்கு இருக்கறதா எனக்குத் தோணல.

அதே ஒடிசா ஆய்வுல கடைசில தொழிலாளிங்கள சேர்ந்து விளையாட வச்சாங்க, எவ்வளவு உயரமா கோபுரம் கட்டறாங்களோ அவ்வளவு காசு, யாருக்கும் இதுல பாகுபாடு இல்ல. வித்தியாசக் கூலி வாங்குன குழுங்க, சேர்ந்து கட்டுனா தங்களுக்கே லாபம்னு தெரிஞ்சும், ஒரே கூலி வாங்குன குழுங்க அளவுக்குக் கட்டல.