தனி மாநிலமா, தனி மாவட்டமா, ஐந்தாம் அட்டவணையா: சேலத்திலிருந்து ஒரு கணக்கு

கொங்கு நாடு தனி மாநிலம் என்ற பேச்சு அவ்வப்போது கிளம்பும், ரெண்டு வாரம் டீக்கடையில் ஓடும், அப்புறம் அடங்கிவிடும். 2021 ஜூலையில் பெரிதாகவே கிளம்பியது. எல். முருகன் ஒன்றிய இணை அமைச்சரானபோது வெளிவந்த குறிப்பில் அவர் ஊரைக் ‘கொங்கு நாடு, தமிழ்நாடு’ என்று போட்டிருந்தார்கள், அவ்வளவுதான், ஆளாளுக்கு வரைபடம் வரைய ஆரம்பித்துவிட்டார்கள். இன்னொரு பக்கம் தமிழ்நாட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் பல வருஷமாகச் சொல்லி வருகிறார். சேலம் மாவட்டத்துக்குள்ளேயே ஆத்தூர்ப் பக்கம் கேட்டால், மாநிலமெல்லாம் எதுக்குங்க, எங்களுக்கு ஒரு மாவட்டம் கொடுத்தால் போதும் என்பார்கள். மலைமேல் கேட்டால் இந்த இரண்டுமே யார் காதிலும் விழாது. பட்டா, ரோடு, ஆம்புலன்ஸ், இதுதான் பேச்சு.

இதெல்லாம் ஒரே கோபம், அளவுதான் வேறு என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆபீஸ் தூரமாக இருக்கிறது என்பது ஒரு குறை, நம்ம தண்ணீரும் வரிப்பணமும் வேறெங்கோ போகிறது என்பது வேறொரு குறை, நம்மைக் கேட்காமல் முடிவெடுக்கிறார்கள் என்பது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. அதனால் கையில் இருக்கும் வழிகளைச் சேலத்துக்காரன் கண்ணில் வைத்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தனி மாநிலம்

சட்டப்படி இது நாம் நினைக்கிற அளவுக்குக் கடினம் இல்லை. அரசியலமைப்பின் 3-ஆவது பிரிவுப்படி நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் புது மாநிலத்தை உண்டாக்கலாம். குடியரசுத் தலைவர் மசோதாவைச் சம்பந்தப்பட்ட சட்டமன்றத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும், ஆனால் அந்தக் கருத்து யாரையும் கட்டுப்படுத்தாது. 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது, பிப்ரவரியில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது, ஜூன் 2-ஆம் தேதி தெலங்கானா பிறந்துவிட்டது. அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். அங்கே கொலராடோவில், பெரும்பாலும் வடகிழக்கில் இருக்கும் கிராமப்புற மாவட்டங்கள், நகரத்துக்காரர்கள் எங்கள் பிழைப்பு தெரியாமல் சட்டம் போடுகிறார்கள் என்று சொல்லி 2013-இல் தனி மாநிலத்துக்கு ஓட்டெடுப்பு நடத்தின, பதினொன்றில் ஆறு வேண்டாம் என்று சொல்லிவிட்டன. கிழக்கு ஆரிகனில் பல மாவட்டங்கள் பக்கத்து ஐடஹோவோடு சேர ஆசைப்பட்டு ஓட்டுப் போட்டிருக்கின்றன, ஆனால் இரண்டு மாநிலச் சட்டமன்றங்களும் அமெரிக்க நாடாளுமன்றமும் ஒத்துக்கொண்டால்தான் நடக்கும், அதனால் அப்படியே நிற்கிறது. நம்ம ஊரில் அந்தப் பூட்டு இல்லை. டில்லி நினைத்தால் போதும், அதுதான் இதில் பயமும்கூட.

சரி, கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். முதல் கேள்வி மேட்டூர்.

1934-இல் கட்டி முடித்த அணை, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அணை நம்ம மாவட்டத்தில், பாசனத்தின் பெரும்பகுதி டெல்டாவில். கரையில் நின்று வெள்ளம் போவதைப் பார்த்துவிட்டு வறண்ட ஏரிக்குத் திரும்பி வருகிற ஓமலூர்க்காரருக்கும் எடப்பாடிக்காரருக்கும் இருக்கும் வயிற்றெரிச்சல் பொய்யில்லை. அதற்காகத்தான் உபரிநீரை இறைத்துச் சரபங்கா வடிநிலத்தில் 100 ஏரிகளை நிரப்பும் திட்டம் 565 கோடியில் வந்தது, 2021-இல் தொடங்கியும் வைத்தார்கள். வெறும் உபரிநீர்தான், அதற்கே டெல்டா விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஒரே மாநிலத்துக்குள் இருந்ததால் அது கோட்டைக்குள் பேசி முடிகிற விஷயமாக இருந்தது. நாளைக்கு மேட்டூர் ஒரு மாநிலத்திலும் தஞ்சாவூர் இன்னொரு மாநிலத்திலும் இருந்தால்? கர்நாடகத்தைப் பார்த்து நாம் ஐம்பது வருஷமாகப் பேசிய அத்தனை வாதத்தையும் தஞ்சாவூர்க்காரர்கள் அப்படியே எடுத்து நம்மைப் பார்த்துப் பேசுவார்கள். காவிரி நடுவர் மன்றம் அமைந்தது 1990-இல், இறுதித் தீர்ப்பு 2007-இல், அதை உச்ச நீதிமன்றம் திருத்தித் தமிழ்நாட்டுக்கு 404.25 டி.எம்.சி. என்று சொன்னது 2018-இல். அந்த 404.25-ஐ இரண்டாகக் கிழிக்க இன்னொரு நடுவர் மன்றம் வேண்டும், இன்னொரு தலைமுறை காத்திருக்க வேண்டும்.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் ஆந்திராவுக்கும் தெலங்கானாவுக்கும் நடுவில் இருக்கும் நாகார்ஜுனசாகர் அணையைப் பாருங்கள். 2023 நவம்பர் கடைசியில், தெலங்கானாவில் ஓட்டுப்பதிவு நடக்கிற நேரமாகப் பார்த்து ஆந்திரப் போலீஸ் அணைக்குள் நுழைந்து பாதி மதகுகளைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டு வலது கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டது. ஒரே மொழி, ஒன்பது வருஷம் முன்பு வரை ஒரே முதலமைச்சர். மேட்டூரில் அப்படி ஒரு காட்சியை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது, தலைநகர். கொங்கு மாநிலம் என்றால் கோவை, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை (கோவைக்காரர்களுக்கு நிச்சயமாக இல்லை). சேலத்திலிருந்து சென்னை சுமார் 340 கிலோமீட்டர், கோவை அதில் பாதிக்கும் குறைவு. கோட்டையில் வேலை இருக்கும் தொழிலதிபருக்கு இது லாபம். வி.ஏ.ஓ. கையெழுத்துக்கு அலைகிறவருக்குத் தலைநகர் சென்னையில் இருந்தால் என்ன, கோவையில் இருந்தால் என்ன? தவிர, பெரிய மாநிலத்தின் நடுவில் இருக்கும் சேலம் சின்ன மாநிலத்தின் கிழக்கு ஓரத்துக்குப் போய்விடும். ஓர ஊருக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று சேலம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் தலைவாசலைக் கேட்டால் சொல்லும். ஆத்தூர், கெங்கவல்லி ஆட்களிடம் போய் நீங்கள் கொங்கு என்று சொன்னால் அவர்களே ஒரு மாதிரி பார்ப்பார்கள், அந்தப் பக்கத்துச் சமூகக் கணக்கும் விவசாயமும் வேறு.

பணக் கணக்கில் தனி மாநிலக்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் எல்லாம் கொடுப்பதைவிடக் குறைவாகத் திரும்பப் பெறுகின்றன என்பது அவர்கள் வாதம். ஆனால் ஒன்றிய வரிப் பங்கீட்டில் 15-ஆவது நிதிக்குழு 45 சதவீத எடையைப் பணக்கார மாநிலத்துக்கும் மற்ற மாநிலத்துக்கும் இருக்கும் வருமான இடைவெளிக்குத்தான் கொடுத்தது. அதாவது தலைக்கு வருமானம் கூடினால் பங்கு குறையும். ஏழை மாவட்டங்களை விட்டுவிட்டு வசதியானவை தனியாகப் போனால் அந்த அளவுகோலில் டில்லி கொடுப்பது இன்னும் சுருங்கும். சென்னை மேல் இருந்த கோபத்தை டில்லி மேல் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதையும் 39 எம்.பி.க்கள் இல்லாமல் அதில் கால்வாசியை வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

பிரிந்து நன்றாக இருப்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். தெலங்கானாவுக்கு ஹைதராபாத் கையோடு வந்தது, அது பெரிய சொத்து. ஆனால் ஜார்க்கண்ட் 2000 நவம்பரில் பிறந்து, முதல் முறையாக ஒரு முதலமைச்சர் முழுசாக ஐந்து வருஷம் உட்கார்ந்தது 2014-க்கு அப்புறம்தான். உத்தரகண்ட் கதை நமக்கு இன்னும் நெருக்கம். மலைக்காரர்கள் போராடி, 1994-இல் துப்பாக்கிச்சூட்டில் உயிர் விட்டு வாங்கிய மாநிலம். தலைநகர் அடிவாரத்தில் டேராடூனில் உட்கார்ந்தது. மலைமேல் இருக்கும் கைர்சைன் 2020-இல்தான் கோடைகாலத் தலைநகர் என்ற பெயரையாவது வாங்கியது. 2001-க்கும் 2011-க்கும் நடுவில் அல்மோரா, பௌரி மாவட்டங்களில் மக்கள்தொகை குறைந்தே போனது. தொகுதி மறுவரையறையில் மலைக்கு இருந்த இடங்களும் குறைந்து சமவெளிக்குப் போயின. மாநிலமே மலைக்காக என்று வாங்கியும் இந்த நிலை என்றால், கோவையைத் தலைநகராகக் கொண்ட மாநிலத்தில் ஏற்காடு எந்த மூலை?

தனி மாவட்டம்

இதில் நமக்குப் பழக்கம் உண்டு. பழைய சேலம் ஜில்லாவிலிருந்து 1965-இல் தர்மபுரி போனது, 1997-இல் நாமக்கல் போனது, 2004-இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி போனது. யாரும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை, தண்ணீர் வழக்கு வரவில்லை. கலெக்டர் ஆபீஸ், எஸ்.பி. ஆபீஸ், மாவட்டத் தலைமை மருத்துவமனை, கோர்ட் எல்லாம் பக்கத்தில் வந்தன.

ஆத்தூரிலிருந்து சேலம் ஐம்பது கிலோமீட்டர், தலைவாசல், கெங்கவல்லி இன்னும் தள்ளி. திங்கள்கிழமை குறைதீர் நாளுக்கு மனு கொடுக்கப் போனால் அன்றைய கூலி போச்சு, மனு மேல் என்ன நடந்தது என்று கேட்கப் போனால் இன்னொரு நாள் கூலி. 2019-இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு என்று ஒரே மாதத்தில் ஐந்து மாவட்டம் தொடங்கினார்கள், பக்கத்துக் கள்ளக்குறிச்சிக்குக் கிடைத்தது ஆத்தூருக்குக் கிடைக்கவில்லை என்ற ஆதங்கம் நியாயமானது. தெலங்கானாகூட மாநிலம் வாங்கின இரண்டே வருஷத்தில் 10 மாவட்டத்தை 31 ஆக்கியது. மாநிலம் வந்ததும் ஜனங்கள் அடுத்துக் கேட்டது பக்கத்தில் ஒரு கலெக்டரைத்தான் என்று நான் இதைப் படிக்கிறேன்.

ஆனால் மாவட்டம் ஆபீஸைத்தான் கொண்டு வரும், தண்ணீரைக் கொண்டு வராது. தர்மபுரி தனியாகப் போய் அரை நூற்றாண்டு ஆகியும் ஃபுளோரைடு கலந்த தண்ணீரைத்தான் பல ஊர்கள் குடித்தன. அதற்கு விடிவு 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வந்தது. ஜப்பான் கடன், கர்நாடகத்தோடு தகராறு, ஆயிரத்துத் தொள்ளாயிரம் கோடிக்கு மேல் செலவு. ஒரு மாவட்டத்தால் மட்டுமில்லை, ஒரு குட்டி மாநிலத்தாலும் இழுக்க முடிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

வளர்ச்சி வாரியம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இப்போது மகாராஷ்டிரத்தில் இருக்கும் விதர்பாவுக்குத் தனி மாநிலமே கொடுக்கலாம் என்று 1955-இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் சொன்னது. கிடைத்தது 1994-இல் ஒரு வாரியம், அதுவும் 2020-இல் காலாவதி. கர்நாடகத்தின் வடகிழக்கில் இருக்கும் கல்யாண கர்நாடகப் பகுதிக்கு அரசியலமைப்பின் 371-ஜே பிரிவில் வேலையிலும் படிப்பிலும் இட ஒதுக்கீடும் சேர்த்துக் கொடுத்தார்கள், அது உருப்படியான ஏற்பாடு, ஆனால் பின்தங்கிய பகுதிக்கு என்று கொடுத்தது. திருப்பூரையும் கோவையையும் பின்தங்கிய பகுதி என்று எந்த முகத்தோடு எழுதுவது?

மலைக்கு

இங்கேதான் எல்லாருடைய வரைபடமும் தவறுகிறது. சேர்வராயன் மலையிலும் கல்வராயன் மலையிலும் மலையாளிப் பழங்குடியினர் அடர்ந்து வாழ்கிறார்கள். ஏற்காடு தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. இவ்வளவு இருந்தும், பழங்குடியினர் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்புக் கொடுக்கும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் தமிழ்நாட்டில் ஒரு ஊர்கூட இல்லை. பத்து மாநிலங்களில் அட்டவணைப் பகுதிகள் இருக்கின்றன, பக்கத்து ஆந்திராவும் தெலங்கானாவும் அதில் சேர்த்தி, நாம் இல்லை. அதனால் அட்டவணைப் பகுதிகளின் ஊராட்சிகளுக்காக 1996-இல் வந்த பெசா (PESA) சட்டமும் இங்கே செல்லாது.

அந்தச் சட்டம் என்ன கொடுக்கிறது? நிலம் எடுப்பதற்கு முன் கிராமசபையையோ ஊராட்சியையோ கலந்து பேச வேண்டும். சிறு கனிமங்களுக்குக் குத்தகை கொடுக்க அவற்றின் பரிந்துரை கட்டாயம். பழங்குடியினர் நிலம் கைமாறுவதைத் தடுக்கவும் மாறியதை மீட்கவும் அவற்றுக்கு அதிகாரம் உண்டு. காபித் தோட்டமும் ரிசார்ட்டும் ஒரு சென்ட் இரண்டு சென்ட்டாக மேலே ஏறிக்கொண்டிருக்கும் ஏற்காட்டில் இந்தக் கடைசி வரி ஒன்றே போதும். முன்பு சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டு போனார்கள். பாக்சைட் சிறு கனிமம் இல்லை, அதனால் பெசா இருந்திருந்தாலும் முழுசாகத் தடுத்திருக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

டார்ஜிலிங் மாதிரி மலைக்குத் தனிக் கவுன்சில் என்றும் சிலர் சொல்வார்கள். 1988-இல் ஒரு கவுன்சில், அது சரிவரவில்லை என்று 2012-இல் இன்னொன்று, இரண்டிலும் கூர்க்காலாந்து கேட்பு அடங்கவில்லை, ஏனென்றால் சாவி கொல்கத்தாவிலேயே இருந்தது. எங்கள் மலைகள் அந்த அளவு பெரிதும் இல்லை. ஐந்தாம் அட்டவணைக்கு ஒரு தாலுகாவோ ஒரு ஒன்றியமோ இருந்தாலே போதும், குடியரசுத் தலைவரின் ஆணையில் முடிகிற வேலை.

இதற்கெல்லாம் அடியில் ஊராட்சி இருக்கிறது. 73-ஆவது திருத்தம் 29 துறைகளை எழுதி வைத்தது. சேலத்தில் 2016-லிருந்து 2019 வரை ஊரகத் தேர்தலே இல்லாமல் தனி அலுவலர்கள் ஓட்டினார்கள். 2019 டிசம்பரில் ஜெயித்தவர்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்களிடம் போனது. தலைவரே இல்லாத ஊராட்சியை வைத்துக்கொண்டு மாநில எல்லையைப் பற்றிப் பேசுவது எனக்கு வேடிக்கையாகத்தான் இருக்கிறது. நம்ம ஆள் மேலே இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பாதிதான் சரி. 2017 முதல் நாலு வருஷம் முதலமைச்சரே எடப்பாடிக்காரர். ஐந்து ரோடு மேம்பாலமும் நூறு ஏரித் திட்டமும் வந்தன. அதே காலத்தில்தான் எட்டு வழிச்சாலைக்கு நம்ம காட்டில் கல் நட்டார்கள், விவசாயிகள் உயர் நீதிமன்றம் போய்த்தான் 2019 ஏப்ரலில் நில எடுப்பு அறிவிக்கையை ரத்து செய்ய வைத்தார்கள். அது தேசிய நெடுஞ்சாலைத் திட்டம், 2020-இல் உச்ச நீதிமன்றம் புதிதாகத் தொடங்க வழியும் விட்டது. கொங்கு மாநிலம் இருந்திருந்தாலும் அந்தக் கல் அதே இடத்தில்தான் நட்டிருக்கும்.

என்னைக் கேட்டால் ஆத்தூருக்கு மாவட்டம், மலைக்கு ஐந்தாம் அட்டவணை, மேட்டூர் இருக்கிற மாநிலத்திலேயே இருக்கட்டும். ஆனால் ஆத்தூர் மாவட்டத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கல்வராயன் மலை இப்போதே இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்கு வெள்ளிமலையில் தனித் தாலுகா ஆபீஸ் வந்துவிட்டது. சேலம் பக்கத்துக் கருமந்துறைக்காரர் தாலுகா வேலைக்கு இன்னமும் பெத்தநாயக்கன்பாளையத்துக்குத்தான் இறங்கி வர வேண்டும். ஆத்தூரில் கலெக்டர் வந்தாலும் கருமந்துறைக்கு ஒரு தாலுகா ஆபீஸ் சேர்ந்து வராவிட்டால் அந்த மலை இறக்கம் அப்படியேதான் இருக்கும், அதனால் மாவட்டம் கேட்டு மனு எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.