வளைந்த பிளைவுட் வாங்குகிறீர்களா? ஓரப்பட்டையை உரித்துப் பாருங்கள்

சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நாற்காலி செய்து விற்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். டர்பனின் தெற்கே ஒரு பட்டறையில், நாற்காலிக்கான வளைந்த முதுகுப் பலகையை "அச்சில் அழுத்திய பிளைவுட்" என்று சொல்லி விற்கிறார்கள். ஒரு கல்யாண மண்டப வேலைக்காக 60 பலகைகள் எடுத்தேன். பாதிப் பணம் முன்னதாகவே கொடுத்தாயிற்று. சரக்கு இறங்கியதும் மீதியையும் வாங்கிக்கொண்டார்கள்.

பார்வைக்குக் குறையே இல்லை. மேலே ஓக் வெனீர் என்னும் மெல்லிய மரத்தகடு, நல்ல மெருகு, சுற்றிலும் ஓரப்பட்டை. தைக் காவடி சமயத்துப் புழுக்கம் தொடங்கியதும் வளைவின் மேல் கோடு கோடாக விரிசல் விட்டது, அதுவும் அளந்து வைத்தாற்போல ஒரே இடைவெளியில். ஒரு பலகையின் ஓரப்பட்டையைச் சூடுகாட்டி உரித்தேன். உள்ளே சீப்புப் பல்லைப் போல வரிசையாக ரம்பக் கீறல்கள். மரத்தூளைப் பசையில் குழைத்து அவற்றில் அடைத்திருந்தார்கள். தட்டைப் பலகையின் முதுகைக் கீறி வளைத்து, இரு பக்கமும் வெனீர் ஒட்டி மூடியிருக்கிறார்கள். கடையின் கல்லாமேசை முகப்புக்கு இந்த வேலை போதும், அதில் தவறில்லை. ஆள் சாயும் முதுகுக்கு ஆகாது. கீறிய இடத்தில் சுமை தாங்க மிஞ்சியிருப்பது மேல்தோல் மட்டும்தான்.

அச்சில் அழுத்துவது வேறு வேலை. ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள வெனீர்களைப் பசை தடவி, மர ரேகை குறுக்கும் நெடுக்குமாக மாறிவர ஒற்றைப்படை எண்ணிக்கையில் அடுக்கி, புடைத்த ஆண் அச்சுக்கும் குழிந்த பெண் அச்சுக்கும் இடையில் வைத்து, பசை இறுகும்வரை பிரஸ்ஸில் சூட்டோடு அழுத்துவார்கள். பிறகுதான் வெட்டு. வளைந்த பலகை தட்டை மேசையில் உட்காராது. அதே வளைவில் ஒரு தாங்கி செய்து, காற்றை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு, சிஎன்சி ரௌட்டரில், அதாவது கணினி ஓட்டும் வெட்டு இயந்திரத்தில், ஓரம் வெட்டித் துளை போட வேண்டும். துளை வளைவுக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும். ஐந்து ஆக்சிஸ் இயந்திரம் (ஐந்து விதமாக அசைவது) தலையைச் சாய்த்தே துளைக்கும். தலை சாயாத மூன்று ஆக்சிஸ் இயந்திரமானால் தாங்கியைச் சாய்த்து வைக்க வேண்டும். எனக்கு வந்தவற்றில் எல்லாத் துளைகளும் சாய்ந்திருந்தன. போல்ட்டின் தலை ஒரு பக்கமாகவே கடித்து, அங்கேயும் பிளந்தது.

போய்க் கேட்டதற்கு, "லோட் ஷெடிங்கில் பிரஸ் ஆறிவிட்டது, அண்ணா" என்றார் முதலாளி. பிரஸ் ஆறினால் பசை இறுகாது, அடுக்கு பிரியும், ஒத்துக்கொள்கிறேன். மின்சாரம் போனால் ரம்பக் கீறலுமா விழும்?

தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள சரக்கை ஆறு மாதத்துக்குள் அவர்கள் செலவிலேயே திருப்பி அனுப்பலாம். பழுது பார்ப்பதா, மாற்றுச் சரக்கா, பணமா என்று முடிவு செய்வது வாங்கியவர். விற்றுமுதலும் சொத்தும் 20 லட்சம் ராண்டுக்குக் கீழே உள்ள சிறு நிறுவனங்களுக்கும் இது உண்டு. அதைச் சுட்டிக்காட்டிக் கடிதம் கொடுத்த பிறகு பாதிப் பணம் வந்தது. மீதிக்கு நடையாய் நடக்கிறேன்.

முன்பணம் நீட்டுவதற்கு முன் ஓரப்பட்டை ஒட்டாத துண்டு ஒன்று கேளுங்கள். அசல் சரக்கில் அடுக்குகள் வளைவோடு வளைந்து முனைக்கு முனை அறுபடாமல் ஓடும். துண்டு கொடுக்கத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். சந்தேகம் இருப்பவர்கள் என் பட்டறைக்கு வரலாம். உரிக்காத பலகைகள் இன்னும் இருக்கின்றன, கண்ணெதிரே உரித்துக் காட்டுகிறேன்.