சர்க்கரை பார்க்கும் வாட்ச் என்று 18,500 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள், யாரும் வாங்காதீர்கள்

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்து இன்றோடு நான்கு நாள். இடது காலில் பெரிய கட்டு. எனக்குக் கோபம் அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். விரலில் குத்தாமலே சர்க்கரை அளவைக் காட்டும் கைக்கடிகாரம் என்று சொல்லி எங்களிடம் 18,500 ரூபாய் வாங்கினார்கள். அது காட்டிய எண்ணில் ஒன்றுகூட உண்மை இல்லை.

புகார் கொடுக்கப் போவதால் பெயர் போடவில்லை. உடல்நலக் கருவிகளை ஆன்லைனில் விற்கிற ஒரு செயலி. அதற்கு நம் மாவட்டத்தில் ஏஜென்ட்டாக ஒரு மொபைல் கடை. இவ்வளவு போதும். இதே முகாம் நாளைக்கு உங்கள் ஊருக்கும் வரும். இப்படி எதையாவது வாங்கும் முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பாலக்கோடு பக்கம் ஊர். தக்காளி போடுகிற குடும்பம். நான் ஓசூரில் கம்பெனி வேலை, வாரம் ஒருமுறைதான் ஊருக்கு வர முடியும். வீட்டில் அம்மாவும் தம்பியும். அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். தர்மபுரியில் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டுகிறோம். அவருக்கு 400, லேபுக்கு 350, அவர் எழுதிய ஒரு மாத்திரைக்கு மட்டும் மாதம் 1,100. மற்ற மாத்திரைகளை அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஒரு அக்கா வீட்டுக்கே கொண்டு வந்து கொடுத்துவிடுவார். வீட்டில் குளுக்கோமீட்டரும் இருக்கிறது. ஆனால் அதற்கு ஸ்ட்ரிப் வாங்க வேண்டுமே. 25 ஸ்ட்ரிப் இருக்கிற டப்பா 600 ரூபாய். இந்த வருஷம் எங்கள் தக்காளி கிலோ ஐந்து ரூபாய்க்குப் போனபோது அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஒரு சொட்டு ரத்தம் பாக்க அஞ்சு கிலோ தக்காளியா பாப்பா?" அதற்குப் பிறகு ஸ்ட்ரிப்பைத் தொடவே யோசிப்பார்.

சித்திரை மாசக் கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச சர்க்கரை முகாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். நான் லீவில் வந்திருந்தேன். நானேதான் அம்மாவைக் கூட்டிப் போனேன். தம்பி வேண்டாம் என்றான், நான் கேட்கவில்லை.

அங்கே ஒரு பையன். 25 வயதுகூட இருக்காது. அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தான். அவன் கீழே தரையில் உட்கார்ந்து, அம்மாவின் காலை எடுத்துத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு பாதத்தைத் திருப்பிப் பார்த்தான். காட்டில் நடந்து நடந்து வெடித்த கால். "அம்மா, இந்த வெடிப்பை விட்ராதீங்க, செருப்பு இல்லாம காட்டுக்குப் போகாதீங்க" என்றான். ஒன்பது வருஷத்தில் ஒரு டாக்டர்கூட அம்மாவின் காலைக் குனிந்து பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிமிஷமே நான் அவனை நம்பிவிட்டேன். அதற்கு மேல் அவன் சொன்ன எதையும் சந்தேகப்படத் தோன்றவில்லை.

பிறகு குளுக்கோமீட்டரில் விரலைக் குத்திப் பார்த்தான், 186. அந்த எண்ணைத் தன் செல்போனில் தட்டினான். "வாட்ச் அம்மாவோட உடம்பை ஒரு தடவை கத்துக்கணும் அக்கா, அப்புறம் குத்தவே வேண்டாம்" என்றான். வாட்சை அம்மா கையில் கட்டினான். ஒரு நிமிஷத்தில் 183 என்று காட்டியது. 186-ஐ அவனே உள்ளே போட்டதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

டேப்லெட்டில் ஒரு வீடியோ காட்டினான். டிவியில் வரும் பெரிய டாக்டர் ஒருவர் இந்த வாட்சைப் பற்றித் தமிழில் பேசுகிறார். உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். டப்பிங் என்று நினைத்தேன். அந்த டாக்டருக்குத் தமிழே தெரியாதே, இது கம்ப்யூட்டரில் செய்த பொய் வீடியோ என்று பிறகு தம்பிதான் சொன்னான்.

கடைசியாகக் கணக்குப் போட்டான். ஸ்ட்ரிப் 600, லேப் 350, டாக்டர் 400, மாதம் 1,350, வருஷத்துக்கு 16,200. இரண்டு வருஷத்துக்கு 32,400. வாட்ச் 14,000, தினமும் ஆலோசனை சொல்லும் 'ஏஐ டாக்டர்' திட்டம் வருஷத்துக்கு 4,500. மொத்தம் 18,500 தான், முதல் வருஷமே போட்ட காசு முக்கால்வாசி திரும்பிவிடும் என்றான். மருந்துச் செலவு எங்கே குறையும் என்று தவித்துக்கொண்டிருக்கிற வீட்டில் இந்தக் கணக்கு எப்படி வேலை செய்யும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. நான் ஜிபேயில் 10,000 போட்டேன். மீதி 8,500 தம்பி உரம் வாங்க வைத்திருந்த காசு. பில் என்று ஒரு துண்டுச் சீட்டில் சீல் குத்திக் கொடுத்தார்கள். அம்மாவின் ஆதாரைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். என் போனிலும் தம்பி போனிலும் செயலியை ஏற்றிவிட்டார்கள்.

அதன் பிறகு இரண்டரை மாதம் வீட்டில் ஒரே சந்தோஷம். காலையில் 112, சாயங்காலம் 121, மறுநாள் 118. சாப்பிட்டாலும் அதேதான், சாப்பிடாவிட்டாலும் அதேதான். மாம்பழ சீசன் வேறு. ஒன்பது வருஷம் ஒரு துண்டுக்கு மேல் தொடாத அம்மா, "118 தான பாப்பா" என்று முழுப் பழம் சாப்பிட்டார். நான்தான் செந்தூரா வாங்கிப் போனேன். டாக்டரிடம் போவது நின்றது. அந்த 1,100 ரூபாய் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட ஆரம்பித்தார், என்னிடம் சொல்லவில்லை.

எனக்கு நெஞ்சு பொறுக்காதது இன்னொன்று. மருந்து கொண்டு வரும் அந்த அக்கா மாதாமாதம் பிரஷரும் சர்க்கரையும் பார்த்துவிட்டுப் போவார், பைசா வாங்காமல். பக்கத்து மாவட்டத்தில் சூளகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி தொடங்கிய திட்டம் அது. நம் கண் முன்னால் ஆரம்பித்தது. அந்த அக்காவிடம் அம்மா, "வாட்ச் இருக்கும்மா, நீ எதுக்கு வெயில்ல வந்து குத்திட்டு" என்று விரலை நீட்ட மறுத்திருக்கிறார். 18,500 ரூபாய் கொடுத்து, வாசலுக்கு வந்த உண்மையான பரிசோதனையைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

ஆனி மாசத்தில் அம்மாவுக்கு ராத்திரியில் தாகம், நாலைந்து தடவை எழுந்து வெளியே போவது, கால் மரத்துப்போவது. தம்பி அந்த ஏஐ டாக்டரிடம் டைப் செய்து கேட்டிருக்கிறான். 'உங்கள் சர்க்கரை கட்டுப்பாட்டில் உள்ளது, வெயில் காலம் என்பதால் தண்ணீர் அதிகம் அருந்துங்கள்' என்று பதில். அந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருக்கிறோம்.

ஆடியில் காட்டில் முள் குத்தியிருக்கிறது. மரத்த கால், அம்மாவுக்குத் தெரியவே இல்லை. நாற்றம் வந்துதான் தம்பி பார்த்தான். அன்று ராத்திரியே காய்ச்சல், குளறல். நான் ஓசூரிலிருந்து போய்ச் சேர்வதற்குள் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தான். நர்ஸ் குத்திப் பார்த்தபோது 432. அம்மாவின் அதே கையில் வாட்ச் 118 என்று காட்டிக்கொண்டிருந்தது. நான் நம்பாமல் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன். 428. அந்த நர்ஸ் வாட்சைக் கழற்றி என் கையில் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அங்கே இரண்டு நாளைக்கு 31,600 ரூபாய். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நீட்டினோம், இங்கே இதற்குச் செல்லாது என்றார்கள். பிறகு தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றினோம். புண்ணைச் சுத்தம் செய்து, இன்சுலின் போட்டு, ஒன்பது நாள். ஒரு ரூபாய் கேட்கவில்லை. கால் விரலை எடுக்க வேண்டியிருக்குமோ என்று முதல் மூன்று நாள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எடுக்காமல் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனையில் அம்மாவுக்கு 11.4 வந்தது. அப்படியென்றால் இரண்டரை மாதமாகச் சர்க்கரை சராசரியாக 280-ல் ஓடியிருக்கிறது என்று அரசு மருத்துவமனை டாக்டரம்மா சொன்னார். வாட்ச் 118 காட்டிய அதே நாட்கள். வாட்சின் அடியில் எரியும் பச்சை விளக்கு தோலுக்கடியில் ரத்தம் துடிப்பதை வைத்து நாடித்துடிப்பைக் கணக்கிட மட்டும்தானாம். சர்க்கரையை அதால் பார்க்க முடியாது. இப்போது நிஜமாகவே வந்திருக்கிற சென்சார்கள்கூடத் தோலுக்குள் மெல்லிய ஒரு இழையைச் செலுத்தித்தான் அளக்கின்றன, அதையும் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தோலைக் குத்தாமல் தானே சர்க்கரை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை, நம்பாதீர்கள் என்று அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரி 21-ம் தேதியே எச்சரித்திருக்கிறது. அதற்குப் பிறகும் இங்கே மைக் கட்டி விற்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று தம்பி கூடையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து அதில் வாட்சைக் கட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் நாடித்துடிப்பு 74, சர்க்கரை 117. எங்கள் காட்டுத் தக்காளிக்குச் சர்க்கரை 117! வீடியோ எடுத்து வைத்திருக்கிறோம். அம்மா அதைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சரி, பணத்தைத் திருப்பிக் கேட்ட கதைக்கு வருகிறேன். மொபைல் கடைக்குப் போனேன். "நாங்க டெலிவரி மட்டும்தாங்க, கம்பெனியத்தான் கேக்கணும்." முகாமுக்கு வந்த பையன்? "அவன் நின்னுட்டான்." அவன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். செயலியில் புகார் எழுதினால் மெஷின் பதில் சொல்கிறது: 'உங்கள் உணர்வுகளை மதிக்கிறோம்.' மனிதரிடம் பேச வேண்டும் என்று ஏழு தடவை டைப் செய்தேன். ஏழு தடவையும் அதே வரி. மறுநாள் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ்.

எப்படியோ ஒரு நம்பர் பிடித்து ஒரு பெண்ணிடம் பேசினேன். "மேடம், இது மருத்துவக் கருவியே கிடையாது, வெல்னஸ் டிவைஸ், பாக்ஸ்லயே போட்டிருக்கோமே" என்றார். எடுத்துப் பார்த்தேன். பெட்டிக்கு அடியில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். மண்டபத்தில் தமிழில் சர்க்கரை, சர்க்கரை என்று கூவி விற்றுவிட்டு, உண்மையை மட்டும் எங்கள் அம்மா படிக்க முடியாத மொழியில் பெட்டிக்கடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். திருப்பிக் கொடுக்க ஏழு நாள்தானாம். 18,500 ரூபாய்க்குப் பதில் செயலியில் 2,000 ரூபாய் கூப்பன் தருகிறேன் என்றார். அடுத்த வாட்ச் வாங்கவா? அம்மா கால் விரல் போயிருக்கும் என்று சொன்னேன். "உங்க ஃபீட்பேக்கை நோட் பண்ணிக்கிறேன் மேடம்." வைத்துவிட்டார்.

இப்போது தினமும் யாராவது கூப்பிடுகிறார்கள். இன்ஷூரன்ஸ், கடன், சர்க்கரைக்கு மூலிகைப் பொடி. ஒருவன் எடுத்ததும், "வீட்ல அம்மாவுக்குச் சுகர் இருக்குல்ல" என்கிறான். அந்தச் செயலியைத் தவிர வேறு எங்கேயும் நாங்கள் அதை எழுதிக் கொடுக்கவில்லை. அம்மாவின் ஆதார் போட்டோவும் அங்கேதான் இருக்கிறது, அதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

என்ன பார்க்க வேண்டும் என்று எழுதுவதாகச் சொன்னேன். அம்மாவுக்குக் கட்டு மாற்ற நேரமாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குத்தாமல் சர்க்கரை பார்க்கும் வாட்ச், மோதிரம் எதையும் வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் இன்றே ஒரு தடவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் குத்திப் பாருங்கள். மருத்துவக் கருவி என்றால் பெட்டியில் உரிம எண் இருக்க வேண்டும். முகாமில் ஆதாரைக் கொடுக்காதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் அக்காவைத் திருப்பி அனுப்பாதீர்கள். காப்பீட்டு அட்டை எங்கே செல்லும் என்று சேரும் முன்பே 1800 425 3993-ல் கேளுங்கள், நாங்கள் கேட்கவில்லை. நுகர்வோர் உதவிக்கு 1915. ஆன்லைனில் பணம் போய்விட்டால் உடனே 1930. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை.

திங்கட்கிழமை நானும் தம்பியும் தர்மபுரி போகிறோம். வாட்ச், சீல் குத்திய சீட்டு, ஜிபே ரசீது, தக்காளி வீடியோ, அந்த ஏஐ டாக்டர் மெசேஜ் எல்லாம் ஒரு பையில் எடுத்து வைத்தாயிற்று. அன்று மண்டபத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் வாங்கினார், பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். நீங்கள் இதைப் படித்தால் அந்தத் துண்டுச் சீட்டைத் தேடி எடுத்து வையுங்கள். முதலில் போய் ரத்தத்தைக் குத்திப் பாருங்கள். அப்புறம் சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.