லெஸ்டரிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு வந்த கால்

விமானம் நேரத்துக்கு வந்தது, ரயிலும் ஒழுங்காக ஓடியது, அதைப் பற்றியெல்லாம் எழுத ஒன்றும் இல்லை. இந்த முறை மலேசியாவில் உள்ள எங்கள் ஊருக்குப் போனதில் என்னைப் படாதபாடு படுத்தியவை பெட்டியில் கொண்டுபோன இரண்டு செயற்கைக் கால்கள்தாம்.

என் மாமனார் போன வருடம் இங்கிலாந்தில், லெஸ்டரில் தவறிவிட்டார். இனிப்பு நீரால் (நீரிழிவால்) இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்திருந்தார்கள். தினம் போட ஒன்று, மாற்றுக்கு ஒன்று என இரண்டு கால்கள் வீட்டில் நின்றன. யாருக்காவது கொடுங்கள் என்று அங்கே கேட்டதற்கு, ஒருவர் போட்டதை இன்னொரு நோயாளிக்குப் பொருத்துவதில்லை என்று ரொம்பப் பணிவாகக் கடிதம் வந்தது. வெள்ளைக்காரன் 'முடியாது' என்றால்கூட நன்றி சொல்லிவிட்டு வரத் தோன்றும். பிரிஸ்டலில் 'லெக்ஸ் ஃபார் ஆஃப்ரிக்கா' என்ற அமைப்பு பழைய கால்களை வாங்கிப் பிரித்து, பாகங்களைக் காம்பியா போன்ற நாடுகளுக்கு அனுப்புகிறது. அவர்களிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தோம். அந்தச் சமயம் பார்த்துப் பெரியம்மா போன் செய்து, பெரியப்பாவுக்கும் இடது காலை எடுத்துவிட்டார்கள், வாசல் நாற்காலியே கதி என்று அழுதார்.

ஊரில் இது புதுக் கதை இல்லை. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று வந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களான நம்மவர்கள்தான் முதலிடம். பால்மரம் வெட்டிய காலத்தில் நிரை நிரையாக நடந்தே பிழைத்த ஜனம். தோட்டமெல்லாம் செம்பனையாகி, லயத்தைக் காலி செய்து தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்ததும் மூலைக் கடைக்குக்கூட மோட்டார்தான். தே தாரேக் என்ற பால் டீயில் மட்டும் சீனி குறையவே இல்லை.

சரி, மருத்துவமனைக்கு வருகிறேன். விடியற்காலையே போய் நம்பர் எடுத்துவிட்டுப் பசியாறப் போகும் வழக்கம் அப்படியே இருக்கிறது. எங்கள் நம்பர் வந்ததும் துணிப்பையிலிருந்து மாமனாரின் காலை எடுத்துக் கவுண்டர்மேல் வைத்தேன். அங்கிருந்தவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இனி காக்கி சியாப்பா?" இது யார் கால் என்று மலாயில் கேட்டார்.

மாமனாருடையது என்றேன். அவர் எங்கே என்றார். இறந்துவிட்டார் என்றேன். அப்படியானால் அவருடைய ஐசியை, அதாவது அடையாள அட்டையை, கொடுங்கள் என்றார்.

மாமனாருக்கு மலேசிய ஐசி எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, கால் வேண்டியது இதோ சக்கர நாற்காலியில் இருக்கும் பெரியப்பாவுக்கு என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற பாட்டி காலைத் தட்டிப் பார்த்து, "மரமா பிளாஸ்டிக்கா, தாயி?" என்றார். வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது. அடுத்த கவுண்டருக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஓர் அம்மா கம்ப்யூட்டரில் வெகு நேரம் தேடிவிட்டு, புதுக் கால் கேட்டால் பாரம் (படிவம்) உண்டு, பழைய காலைக் கொண்டுவந்தால் பாரம் இல்லை என்றார். புதுக் காலுக்கு மருத்துவர் கடிதம், கடைக்காரரின் விலைக் கடிதம், வருமானச் சான்று, சமூக நல இலாகாவில் மனு, அப்புறம் காத்திருப்பு. தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்க்கேசோ வழியாகவும் கால் கிடைக்கும், சந்தா கட்டியவர்களுக்கு. தோட்டம் மூடியபின் பெரியப்பா பார்த்ததெல்லாம் கான்ட்ராக்டில் புல் வெட்டும் வேலை. அவர் பெயரில் யார் சந்தா கட்டியது?

கால் கையில் இருக்கிறது, கால் இல்லாதவர் பக்கத்தில் இருக்கிறார், நடுவில் ஒரு பாரம் இல்லை! எனக்கு வந்த ஆத்திரத்தில் கேண்டீனில் போய் உட்கார்ந்துவிட்டேன். பெரியம்மாவோ, செத்தவர் காலை வீட்டுக்குள் கொண்டுவருவதே ஆகாது, இது சாமி காட்டுகிற குறி என்று ஆரம்பித்தார். "செத்தவன் கண்ணையே எடுத்து வைக்கிறாங்க, காலுக்கு என்னடி வந்தது?" என்று பெரியப்பா ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் முதல் கவுண்டர்காரர் தேடி வந்தார். எங்கள் நம்பர் சீட்டின் பின்பக்கத்தில் ஈப்போவில் உள்ள ஒரு பட்டறையின் போன் நம்பரை எழுதிக் கொடுத்து, "நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்" என்றார். இத்தனை வருட லெஸ்டர் வாழ்க்கையில் எந்தக் கவுண்டர்காரரும் எனக்காக நாற்காலியை விட்டு எழுந்து வந்ததில்லை. அதற்காகச் சந்தோஷப்படுவதா, அவர் கண்ணில் பட்டதால்தானே வழி கிடைத்தது என்று எரிச்சல்படுவதா என்று இன்னும் தெரியவில்லை.

ஈப்போ பட்டறையில் இருந்தது நம்ம பெண்தான், முப்பது வயது இருக்கும். ஆலன் கீயை வைத்து, கணுக்காலுக்கு மேலே நான்கு குட்டி ஸ்குரூக்களைத் தளர்த்தினாள். பாதம் தனியாக வந்தது. முட்டிக்குக் கீழே மிஞ்சிய கால் உட்காரும் சாக்கெட் அவரவர் காலில் பிளாஸ்டர் அச்சு எடுத்துச் செய்வது, அடுத்தவருக்கு ஆகாது. உள்ளே போடும் சிலிக்கோன் உறையும் அடுத்தவருக்கு ஆகாது. தேறுவது குழாயும் இணைப்புகளும் பாதமும். பாதத்தின் ரப்பர் உறையைக் கழற்றி, குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தி, வெடிப்பு இருக்கிறதா என்று விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். போடாமல் அலமாரியில் வைத்தாலும் உள்ளே இருக்கும் நுரை இந்த ஊர்ப் புழுக்கத்தில் உதிர்ந்துவிடுமாம்.

விலை உயர்ந்த கார்பன் பாதத்தைத்தான் பெரியப்பாவுக்கு என்று நான் ஆசையோடு கொண்டுபோனேன். அவள் அதை ஓரமாக வைத்துவிட்டாள். அந்த வகைப் பாதத்தை ஆளின் எடை பார்த்துத்தான் தருவார்கள். மாமனார் 90 கிலோ, பெரியப்பா 58. இவர் எடைக்கு அது வளைந்து கொடுக்காது, மரக்கட்டைமேல் நடப்பதுபோல் இருக்கும். மாற்றுக் காலில் இருந்த சாதாரணப் பாதம் போதும் என்றாள்.

"மாமா, வீட்டுக்குள்ள செருப்பு போடுவீங்களா?"

"வீட்டுக்குள்ள யாரும்மா செருப்பு போடுவாங்க?"

அதுதான் பிரச்சினை என்றாள். சீமையில் பாதத்தை ஷூவின் குதிகால் உயரத்துக்குச் சரிசெய்து வைக்கிறார்கள். அதோடு வெறுந்தரையில் நின்றால் ஆள் பின்னால் சாய்வார். ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் 1968-இல் உருவாக்கிய காலுக்கு இந்தத் தொல்லை இல்லை, வெறுங்காலோடு நடக்கிறவர்களையும் சம்மணம் போடுகிறவர்களையும் மனதில் வைத்தே செய்தது அது. நம்ம பாதத்துக்கு அந்த ஸ்குரூக்களைத் திருப்பியே கோணத்தை மாற்றினாள். லெஸ்டரில் மாமனாரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவரும் கடைசிவரை வீட்டுக்குள் ஷூவோடுதான் நடந்தார்.

சாக்கெட்டுக்கும் உறைக்கும்தான் காசு வாங்கினாள். புதுக் காலுக்கு முன்பு சொன்ன விலையில் பாதிகூட வரவில்லை. நான் கிளம்பும் முன் பெரியப்பா இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடைசிவரை போய்த் திரும்பினார். முட்டிக்குக் கீழே உரசுகிறது என்றார், குடைந்து சரிசெய்ய வேண்டும்.

கார்பன் பாதம் இன்னும் அவள் அலமாரியில் இருக்கிறது: இடது, 26 அளவு, 90 கிலோ ஆளுக்கு. அடுத்து ஊருக்குப் போகிறவர்கள் வீட்டில் இப்படி ஏதாவது நின்றால், சாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், பெட்டியில் இடத்தை அடைப்பது அதுதான். இடதா வலதா, பாதத்தில் அச்சடித்த எண்கள் என்ன என்று போட்டோ எடுத்து முதலில் ஒரு பட்டறைக்கு அனுப்புங்கள். மருத்துவமனைக் கவுண்டரில் எடுத்து வைக்க மட்டும் வேண்டாம்.