இஎல்எம்327 ப்ளூடூத் ஸ்கேனர் – நம்ம யாங்கோன் பழைய வண்டிக்கு வாங்கலாமா?

வாங்கலாம். வண்டியில சொருகுனா இன்ஜின் கம்ப்யூட்டர்ல பதிஞ்ச கோளாறை ஃபோன்ல காட்டுற சின்ன டப்பா இது. ஆனா காசு கொடுக்குறதுக்கு முன்னாடி கடை வாசல்லயே உங்க வண்டியில சொருகி, ஃபோன்ல கனெக்ட் ஆகுதான்னு பார்த்துட்டு வாங்குங்க. பார்க்க எல்லாமே ஒரே நீலக் கலர் டப்பா, உள்ள இருக்குற சரக்கு வேற வேற.

என் வண்டி 2005 மாடல் டொயோட்டா ப்ரோபாக்ஸ், 1500 சிசி, 1என்இசட் இன்ஜின். யாங்கோன்ல திரும்புன பக்கமெல்லாம் இந்த வண்டிதான், டாக்ஸிக்காரங்க வேற, கடைக்கு சாமான் ஏத்துறவங்க வேற. ஜப்பான்ல நல்லா ஓடி முடிச்சு இங்க வந்து இறங்குன வண்டிங்க, 1970-லயே ரோடு வலது பக்கத்துக்கு மாறியாச்சு, ஸ்டியரிங் மட்டும் இன்னும் வலது பக்கமே இருக்கு, அது பழகிப்போச்சு. பழகவே முடியாதது ஐடில் ப்ராப்ளம், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காம நிக்கும்போது இன்ஜின் வேகம் தடுமாறுறது. லெடான் சிக்னல்ல ஏசி போட்டுட்டு நிக்கும்போது ஆர்பிஎம் 500-க்கு இறங்கி ஸ்டியரிங் முழுக்க நடுங்கும், அடுத்த செகண்ட் 1000-க்கு ஏறும், மறுபடி இறங்கும், சில நேரம் அப்படியே ஆஃப் ஆயிடும், பின்னாடி இருக்குறவன் ஹாரனை எடுக்கவே மாட்டான். டேஷ்போர்டுல மஞ்சள் இன்ஜின் லைட்டும் வந்துடுச்சு.

ஒரு ஒர்க் ஷாப்ல இன்ஜினுக்குள்ள காத்தை விடுற த்ராட்டில் பாடியைக் கழுவணும்னாங்க, இன்னொரு இடத்துல ஆக்ஸிஜன் சென்சார் போச்சு மாத்தணும்னாங்க, ஒருத்தர் இன்ஜின் கம்ப்யூட்டரே அவுட்டுன்னு சொல்லிட்டார். யாரும் எதையும் அளந்து பார்த்து சொல்லல, கேட்டா "எல்லா ப்ரோபாக்ஸுக்கும் இதேதான் வரும்"னு பதில். அங்கதான் எனக்குக் கோபம் வந்துச்சு. டாலர் ஏற ஏற பார்ட்ஸ் விலை ஏறுற ஊர்ல ஒரு சென்சாரை சும்மா மாத்திப் பாருங்கன்னு சொல்றது டாக்ஸி ஓட்டிப் பிழைக்கிறவன் வீட்டு அரிசியில கை வைக்கிறது. அதனாலதான் இந்த ஸ்கேனரை வாங்குனேன், அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதவும் செய்றேன்.

சொருகுற இடம் ஸ்டியரிங்குக்குக் கீழ, 16 பின் சாக்கெட். கீயை ஆன் பண்ணி ஃபோன்ல ப்ளூடூத் பேர் பண்ணணும், பாஸ்வேர்டு கேட்டா 1234 இல்லன்னா 0000. ஆப் நான் போட்டது கார் ஸ்கேனர், டார்க் ஆப்பும் நிறைய பேர் யூஸ் பண்றாங்க. முதல் தடவை கனெக்ட் ஆகாது, பயப்படாதீங்க, டப்பாவைத் திருப்பிக் கொடுத்துடாதீங்க. நம்ம வண்டி ஜப்பான் உள்நாட்டு மார்க்கெட்டுக்குப் பண்ணது, அங்க 2008 வாக்குலதான் ஓபிடிங்கிற, வண்டி தன் கோளாறைத் தானே சொல்ற முறையை ஸ்டாண்டர்டா கட்டாயமாக்குனாங்க, அதுக்கு முன்னாடி வந்த வண்டி சாக்கெட் ஒரே மாதிரி இருந்தாலும் பேசுற பாஷை வேற. ஆப்ல வண்டி ப்ரொஃபைலை மாத்தி டொயோட்டா ஜேடிஎம்னு இருக்குறதை எடுத்தா கனெக்ட் ஆயிடும், எனக்கு அப்படித்தான் ஆச்சு.

கனெக்ட் ஆனதும் ஸ்கேனர் காட்டுன கோளாறு நம்பர், அதாவது கோடு, பி0171. லீன், அதாவது காத்து ஜாஸ்தி பெட்ரோல் கம்மி. இதைப் பார்த்ததும் நெட்ல தேடி ஆக்ஸிஜன் சென்சார் வாங்க ஓடுறவங்கதான் நிறைய. கோடுங்கிறது வயித்து வலின்னு சொல்ற மாதிரி, வலிக்குதுன்னு சொல்லும், எதனாலன்னு சொல்லாது. பி0171 வந்தா ஆக்ஸிஜன் சென்சார் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, பாதி நேரம் அது உண்மையைத்தான் சொல்லிட்டு இருக்கு, அதைப் போய் கழட்டிப் போடுறோம்.

இந்த டப்பா கொடுத்த காசுக்கு வேலை செய்யுறது கோடு படிக்கிறதுல இல்ல, லைவ் டேட்டாவுல. அதுல ஃப்யூயல் ட்ரிம்னு ரெண்டு நம்பர் வரும், ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம். விஷயம் என்னன்னா, உள்ள போற காத்தை ஏர்ஃப்ளோ சென்சார் அளந்து சொல்லுது, கம்ப்யூட்டர் அதுக்கேத்த பெட்ரோலை விடுது, எரிஞ்சு வெளிய வர்ற புகையில ஆக்ஸிஜன் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு ஆக்ஸிஜன் சென்சார் பார்த்து சொன்னதும் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டுது இல்ல குறைக்குது, அந்தக் கூட்டல் குறைச்சல்தான் ட்ரிம். ஷார்ட் டெர்ம் அப்பப்ப மாறும், லாங் டெர்ம் நாள்பட கத்துக்கிட்டது. ரெண்டையும் கூட்டி பிளஸ் 10, மைனஸ் 10 சதவீதத்துக்குள்ள இருந்தா கவலை இல்ல.

என் வண்டியில இன்ஜின் நல்லா சூடானதுக்கு அப்புறம் ஐடில்ல ஷார்ட் 8, லாங் 17, மொத்தம் பிளஸ் 25. பெட்ரோலை அவ்வளவு கூட்டி ஊத்தியும் பத்தல. அப்படியே ஆக்ஸிலேட்டரை மிதிச்சு 2500 ஆர்பிஎம்ல நிறுத்திப் பிடிச்சேன், மொத்தம் 6-க்கு இறங்கிடுச்சு. இந்த ஒரு டெஸ்டுக்காகவே டப்பாவை வாங்கலாம். ஐடில்ல மோசம், ஆர்பிஎம் ஏத்துனா சரியாகுதுன்னா ஏர்ஃப்ளோ சென்சாரைத் தாண்டி எங்கயோ திருட்டுக் காத்து உள்ள போகுது, வேக்கம் லீக். ஐடில்ல த்ராட்டில் மூடியிருக்கு, மேனிஃபோல்டுல, அதாவது சிலிண்டருக்குக் காத்து போற குழாய்ல, வேக்கம் பலமா இழுக்குது, மொத்தக் காத்தே கம்மி, அதனால ஓட்டை வழியா வர்ற கொஞ்சம் காத்தும் பெரிசா தெரியும். ஆர்பிஎம் ஏறுனா காத்து மொத்தமா அள்ளிக்கிட்டுப் போறப்ப அந்த ஓட்டைக் காத்து கணக்குலயே வராது. இதுக்கு எதிர்மாறா, ஐடில்ல ஓரளவு நல்லா இருந்து லோடு ஏற ஏற ட்ரிம் கூடிக்கிட்டே போச்சுன்னா ஃப்யூயல் பம்ப், ஃபில்டர், இல்லன்னா அழுக்குப் பிடிச்ச ஏர்ஃப்ளோ சென்சார் பக்கம் பாருங்க. ஏர்ஃப்ளோ சென்சார் இல்லாம மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்குற மேப் சென்சார்ல ஓடுற வண்டிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது, அதுல லீக் இருந்தா ட்ரிம்மை விட ஐடில் மேல ஏறி நிக்கிறதுதான் முதல்ல தெரியும்.

லீக் எங்கன்னு டப்பா சொல்லாது, அதை கைதான் கண்டுபிடிக்கணும். பீலிக்கான் முனீஸ்வரர் கோவிலுக்குப் போயிட்டு வர்ற வழியில தன்லின்ல நமக்குத் தெரிஞ்ச தமிழ் மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட ஃபோனை நீட்டி நம்பரைக் காட்டுனேன். பார்த்துட்டு, "தம்பி, சென்சாரை எல்லாம் விடுங்க, ஹோஸைப் பார்ப்போம்"னுட்டு, வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதே ப்ளையர்ல துணி சுத்தி ஒவ்வொரு வேக்கம் ஹோஸா மெல்ல நசுக்கிப் பார்த்தார். இன்ஜினுக்குள்ள சேர்ற புகையைத் திருப்பி விடுற பிசிவி வால்வுல இருந்து மேனிஃபோல்டுக்குப் போற ஹோஸை நசுக்குன உடனே நடுக்கம் நின்னு ஐடில் படிஞ்சுது, ஸ்க்ரீன்ல ஷார்ட் ட்ரிம் கண்ணு முன்னாடியே இறங்குச்சு. கழட்டிப் பார்த்தா மேல பார்க்க நல்ல ஹோஸ், கீழ்ப் பக்கம் வளைவுல நகம் நுழையுற அளவுக்கு வெடிப்பு, ரப்பர் காய்ஞ்சு அப்பளம் கணக்கா நொறுங்குது. புது ஹோஸ் விலை ஆக்ஸிஜன் சென்சார் விலைக்குப் பக்கத்துலயே வராது. கோடை அழிச்சுட்டு ஓட்டுனேன், இப்ப ஐடில் 650, 700-ல நிக்குது, ஏசி போட்டா இறங்காம கொஞ்சம் மேல ஏறுது, அப்படித்தான் இருக்கணும்.

அங்க அண்ணன் இன்னொன்னும் சொன்னார்: "லைட்டை அழிக்கிறதுக்கு முன்னாடி ஃப்ரீஸ் ஃப்ரேமைப் பாருங்க, அழிச்சா அதுவும் போயிடும்." கோடு விழுந்த நேரத்துல ஆர்பிஎம் என்ன, இன்ஜின் சூடு என்ன, வண்டி ஓடுச்சா நின்னுச்சான்னு பதிஞ்சு வச்சிருக்குறதுதான் அது. பேட்டரி வயரைக் கழட்டி லைட்டை அணைக்கிறவங்க அதையும் தொலைக்கிறாங்க, கம்ப்யூட்டர் கத்துக்கிட்ட ஐடில் கணக்கையும் தொலைக்கிறாங்க.

என் மச்சான் வண்டியில வேற கதை, மழைக்காலத்துல காலையில ஸ்டார்ட் பண்ணா தடதடன்னு அடிக்கும், கோடு பி0301, ஒண்ணாம் சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது அதுல பெட்ரோல் சரியா எரியல. ப்ளக்குக்கு கரண்ட் கொடுக்குற ஒண்ணாம் சிலிண்டர் காயிலைக் கழட்டி ரெண்டாவதுல போட்டு, ரெண்டாவதை ஒண்ணுல போட்டு ஓட்டுனதும் கோடு பி0302-ன்னு மாறிடுச்சு. காயில்தான். மாறாம 301-லயே நின்னிருந்தா ப்ளக், இன்ஜெக்டர்னு போயிருக்கணும்.

இனி குறை. இஎல்எம்327-ங்கிறது கனடாவுல எல்ம் எலக்ட்ரானிக்ஸ் பண்ண சிப், அவங்க 2022-ல கடையை மூடிட்டாங்க, நம்ம கையில கிடைக்கிறது எல்லாம் காப்பி. மேல வெர்ஷன் 1.5-னு போட்டிருக்கும், அப்படி ஒரு வெர்ஷனை அவங்க விட்டதே இல்ல, அதனால வெர்ஷன் நம்பரைப் பார்த்து காசு கூட கொடுக்காதீங்க. மலிவு காப்பியில சிலது புது வண்டியோட பாஷையான கேன் லைன்ல மட்டும்தான் பேசும், நம்ம பழைய டொயோட்டா பேசுற பாஷையான கே லைன் அதுல கிடையாது, அதுக்குத்தான் வண்டியில சொருகிப் பார்க்கணும்னு சொல்றது. டப்பாவோட பின் வரிசையில 7-ம் பின்னே இல்லன்னா தொடவே தொடாதீங்க. கே லைன் மெதுவா வேற பேசும், ஸ்க்ரீன்ல பத்து மீட்டரை வச்சா எல்லாமே இழுத்துக்கிட்டு வரும், ஆர்பிஎம், கூலன்ட் சூடு, ரெண்டு ட்ரிம் இது நாலு போதும். ஏபிஎஸ், ஏர்பேக் லைட்டை இது படிக்கும்னு நம்பி வாங்காதீங்க. ஐஃபோன் வச்சிருக்கீங்கன்னா இந்த சாதா ப்ளூடூத் டப்பா ஆகாது, வைஃபை மாடலோ ப்ளூடூத் எல்இ மாடலோ கேளுங்க. 16-ம் பின்ல எப்பவும் பேட்டரி கரண்ட் இருக்கு, கீயை எடுத்தாலும் டப்பா லைட் எரியும், வண்டியை நாள் கணக்கா நிறுத்துறவங்க கழட்டி வச்சிடுங்க.

டப்பாவே வேண்டாம்னாலும் பழைய டொயோட்டாவுல வழி இருக்கு. அதே சாக்கெட்ல 4-ம் பின்னையும் 13-ம் பின்னையும் சின்ன வயரால சேர்த்துட்டு கீயை ஆன் பண்ணா இன்ஜின் லைட்டே விட்டு விட்டு மின்னி கோடைச் சொல்லும், ரெண்டு மின்னல், கொஞ்சம் நிறுத்தி அஞ்சு மின்னல்னா 25, அதுவும் லீன்தான். நிக்காம ஒரே சீரா மின்னுச்சுன்னா கோடு எதுவும் இல்ல. பின் நம்பரை ரெண்டு தடவை சரிபார்த்துட்டு சொருகுங்க, 16-ல தெரியாம பட்டா ஃப்யூஸ் போயிடும். ஆனா இதுல ட்ரிம் தெரியாது, அதனால நான் டப்பா பக்கம்தான்.

அஞ்சுக்கு நாலு கொடுப்பேன். டவுன்டவுன்ல ஃபோன் சாமான் விக்கிற கடையிலயும் இருக்கு, ஆன்லைன்லயும் இருக்கு, ஆன்லைன்ல வாங்குனா கனெக்ட் ஆகலன்னா திருப்பி எடுத்துப்பீங்களான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. ஹோண்டா ஃபிட், நிசான் ஏடி வேன் வச்சிருக்குறவங்க யாராவது போட்டுப் பார்த்திருந்தா எந்த ப்ரொஃபைல்ல கனெக்ட் ஆச்சுன்னு கீழ சொல்லுங்க, எங்க தெருவுல ரெண்டு பேர் கேட்டுக்கிட்டே இருக்காங்க.