மீன் தொட்டி லைட்டுக்கு டிசி பின்னா, திருகு கனெக்டரா?

தொட்டி மூடிய கழுவுறப்பல்லாம் லைட்ட கழட்டணும்னா வயருக்கு நடுவுல ஒரு பிளக் இருந்தே ஆகணும். நுவரெலியாவுல எங்க வீட்டுத் தொட்டிக்கு நான் போட்டது திருகி மூடுற ரெண்டு பின் வாட்டர்ப்ரூஃப் கனெக்டர், அதனால அந்தப் பக்கம் சாஞ்சுதான் பேசுவேன்.

நேரா 230 வோல்ட்ல ஓடுற லைட்டா இருந்தா நடுவுல எதையும் வெட்டி ஒட்டாதீங்க. சுவத்துல இருக்க 13 ஆம்பியர் பிளக்கையே கழட்டுங்க, அதுக்குள்ள 3 ஆம்பியர் பியூஸ் போடுங்க, வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுதான்னு டெஸ்ட் பட்டன அமுக்கிப் பாருங்க, அவ்வளவுதான்.

12 வோல்ட் எல்இடிக்கு வந்தா, சிசிடிவி கேமராவுக்கு வர்ற அதே 5.5 மில்லிமீட்டர் டிசி பின் மலிவு, எந்தக் கடையிலயும் கிடைக்கும், ஒரு இழுப்புல கழண்டுரும். ஆனா இங்க பிரச்சினை கரண்ட் இல்லங்க, வேர்வை. ஹீட்டர் தண்ணிய 25, 26 டிகிரில வச்சிருக்கும், ராத்திரி குளிர்ல மூடியும் வயரும் சில்லுன்னு ஆயிரும், ஆவி போயி அதுலதான் படியும், படிஞ்சது வயர் வழியா ஓடி நேரா பின்னுக்குள்ள இறங்கும். அடாப்டர் ஆன்ல இருந்தா அந்த ஈரத்துல பிளஸ் பக்கத்து உலோகம் அரிச்சுக்கிட்டே போகும், கொஞ்ச நாள்ல பச்சை பூத்துரும். 24 வாட் லைட்டுன்னா 2 ஆம்பியர் போகுது, துரு பிடிச்ச இடத்துல அரை ஓம் தடை வந்தாலே 2 வாட் சூடு அந்தக் குட்டி பின்னுக்குள்ளயே நிக்கும், லைட் மினுக்குறது, பிளாஸ்டிக் இளகுறது எல்லாம் இதனாலதான்.

திருகு கனெக்டர்ல ரப்பர் வளையம் இருக்கு, முழுசா திருகினா ஈரம் உள்ள போகாது, பின் மாறி மாட்டவும் முடியாது. ஆனா தண்ணி, தூசி புகாதுங்கிற அளவக் காட்ட ஐபி67, ஐபி68னு போட்டிருக்கதெல்லாம் ரெண்டு பாதியும் சேர்ந்து இருக்கப்ப மட்டும்தான், கழட்டி வச்சா அதுவும் சும்மா பின்தான், அதனால மூடி உள்ளதா பார்த்து வாங்குங்க. இன்னொண்ணு, பின்பக்கத்து நட்டு உருண்டை வயரத்தான் இறுக்கிப் பிடிக்கும், தட்டையான ரெட்டை வயர விட்டா ரெண்டு ஓரத்துலயும் சந்து விழுந்து தண்ணி பின்னாடி வழியா வந்துரும். வாங்குறவங்க அநேகமா கோட்டை விடுறது இங்கதான். அடாப்டர் பக்கம் ஓட்டை உள்ள பாதி, லைட் பக்கம் பின் உள்ள பாதி, இது மாறக் கூடாது, மாறினா கழட்டுன உடனே கரண்ட் உள்ள பின் வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், ஈரக் கையோ கரண்டியோ பட்டா ஷார்ட்டுதான்.

குறை இல்லாம இல்ல. ஈரக் கையால திருகுறது எரிச்சல், சால்டரிங் தெரியணும், அப்பப்ப வளையத்துல சிலிக்கான் கிரீஸ் பூசணும். கடல்மீன் தொட்டி நான் வச்சதில்ல, உப்புத் தண்ணிக்கு இது எத்தனை நாள் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது.

எதப் போட்டாலும் வயர் பிளக்குக்கு கீழ ஒரு வளைவா தொங்கி அப்புறம் மேல ஏறணும், சொட்டு அங்கேயே விழுந்துரும். கொழும்புப் பக்கம் ஹீட்டரே இல்லாத தொட்டி, பிளக்கும் தண்ணிய விட்டு எட்ட இருக்குன்னா டிசி பின்னே தாராளம், திருகுக்கு காசு போட வேண்டாம்.