ஊருக்குப் போகும்போது மாடித் தளத்தைச் சோதிக்கச் செய்வது

பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் சீலிங்கில் மஞ்சள் கறை தெரிந்தால், உடனே தண்ணீர் புகாமல் தடுக்கும் கோட்டிங் அடிப்பவரைக் கூப்பிட வேண்டாம். இலவசமாகப் பார்த்துத் தருகிறோம் என்று வருபவர்களுக்கு எந்த ஒழுகலுக்கும் மருந்து கோட்டிங்தான். ரிப்பேர் வேலை எடுக்காத ஒரு கட்டட என்ஜினியருக்குக் காசு கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் வந்திறங்கிய முதல் வாரத்திலேயே. கிளம்புகிற நேரத்தில் மாடியில் தண்ணீர் தேக்கிக் கட்டிப் பார்க்க நாள் இருக்காது.

தண்ணீர் புகும் இடத்துக்கு நேர் கீழேதான் சொட்டும் என்றில்லை. மாடியில் பதித்த தட்டோட்டுக்கு அடியில் ஓடி, காங்கிரீட்டில் விரிசல் கிடைக்கிற இடத்தில் இறங்கும். மழையே இல்லாத நாளிலும் ஈரம் இருந்தால் மேல்நிலைத் தொட்டி, குழாய் இணைப்பு, ஏ.சி. வடிகுழாய் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

கூர்ந்து கவனிக்க வேண்டியது சுத்தியல் சோதனையை. சின்னச் சுத்தியலால் சீலிங்கைத் தட்டிக்கொண்டே போவார்கள். கெட்டியான இடம் 'டக்' என்னும், உள்ளே விட்டுப்போன இடம் 'டொப்' என்னும். அதைச் சாக்பீஸால் வட்டமிடுவார்கள். துருப்பிடித்த கம்பி உப்பி, தன்னைச் சுற்றியுள்ள காங்கிரீட்டைப் பிளந்து தள்ளுவதால்தான் பெரும்பாலும் இப்படி ஆகிறது. மேலே சிமென்ட் பூசினால் கொஞ்ச நாளில் அதுவும் சேர்ந்து விழும். கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி, துருவைச் சுரண்டி, கம்பியில் மிச்சமிருக்கும் தடிமனை அளந்த பிறகே பாலிமர் கலந்த சிமென்ட் சாந்து வைக்கலாம். வெப்பக் கேமரா கொண்டுவந்தால் வேண்டாம் என்க வேண்டாம். ஆனால் அது காட்டுவது வெப்ப வித்தியாசத்தை, ஈரத்தை அல்ல.

மாடியில் ஒழுகலின் வாசல் பெரும்பாலும் ஓரங்கள்தான்: கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், அரசங்கன்று முளைத்த வெடிப்பு. தண்ணீர் வடிய, தளத்தின் வாட்டம் (சரிவு) மீட்டருக்கு ஒரு செ.மீ.யாவது இறங்க வேண்டும்.

தண்ணீர் கட்டும் சோதனைக்கு வடிகுழாயை அடைத்து, சுமார் 5 செ.மீ. உயரத்துக்கு நிரப்பி, இரண்டு நாள் விட வேண்டும். சுவரில் பென்சில் கோடு போட்டு, பக்கத்திலேயே ஒரு அகலப் பாத்திரத்திலும் தண்ணீர் வையுங்கள். பாத்திரத்தில் குறைவது வெயிலின் கணக்கு. தளத்தில் அதைவிட அதிகம் குறைந்தால் மிச்சம் கசிவு. இந்தத் தண்ணீர் சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம். கம்பி வெளியே தெரியும் தளத்திலும், கட்டை வைத்துக் கட்டிய பழைய மாடியிலும் என்ஜினியர் சொல்லாமல் தண்ணீர் கட்டக் கூடாது.

என்ஜினியர் தரும் ரிப்போர்ட்டில் தளத்தின் வரைபடம், அதில் எண் போட்ட இடங்கள், அதே எண்ணுள்ள படங்கள், விரிசலின் அகலம் மி.மீ.யில் வேண்டும். 'லேசான விரிசல்' என்று எழுதிக் கொடுத்தால், அடுத்த வருஷம் அது வளர்ந்ததா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

வேலை முடிந்து தட்டோடு பதிக்கும் முன் மறுபடி தண்ணீர் கட்டச் சொல்லுங்கள், மீதிப் பணம் அதற்குப் பிறகு. பதித்த பின் ஒழுகினால், தட்டோட்டைப் பெயர்க்காமல் இடம் பிடிபடாது.